துலக்குதல்: பழைய சைக்கிள் பாகங்களைச் சீர்செய்யும் தொழில்

துலக்குதல் என்னும் சொல் தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. பாத்திரத்தைத் தேய்த்து ஒளிபெறச் செய்வது ஒன்று; மறைந்திருப்பதை விளங்கச் செய்வது மற்றொன்று. பழைய சைக்கிளின் உலோகப் பாகங்களைச் சீர்செய்யும் தொழிலில் இவ்விரண்டும் ஒரே செயலாகின்றன. துருவும் இறுகிப்போன கிரீஸும் மூடிக்கிடக்கும் ஒரு பாகத்தைத் துலக்கும்போது அதன் ஒளி மட்டும் வெளிப்படுவதில்லை. அது எந்த உலோகத்தால் ஆனது, அதன்மேல் எந்தப் பூச்சு உள்ளது, எந்தத் தொழிற்சாலையின் முத்திரையைத் தாங்கியுள்ளது, எந்தப் பக்கம் அதிகமாகத் தேய்ந்தது என்னும் செய்திகளும் உடன் வெளிப்படுகின்றன. ஒளியை மட்டும் கருதி இச்செய்திகளைத் தேய்த்து அழிக்கும் வேலை, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதி வேலையே என்பது திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரப் பட்டறைகளில் பழகிய அனுபவத்திலிருந்து இக்கட்டுரையாளர் கண்ட முடிவாகும்.

இடமும் பின்னணியும்

1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அம்பத்தூர், ஆவடி, கும்மிடிப்பூண்டி ஆகிய மூன்று ஊர்களும் அதன் எல்லைக்குள் இருந்தன. 2018இல்தான் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. சைக்கிளின் வரலாற்றில் இம்மூன்று ஊர்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டாக 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் அமைந்து, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்னும் ஆங்கில நாட்டுப் பெயர்களைத் தமிழகத்துக் கிராமங்கள்வரை கொண்டு சென்றது. சைக்கிளின் சட்டகத்துக்கு வேண்டிய எஃகுக் குழாய்களுக்காக ஆவடியில் 1955இல் டியூப் புராடக்ட்ஸ் ஆலையும், சங்கிலிக்காக அம்பத்தூரில் 1960இல் டி.ஐ. டயமண்ட் செயின் ஆலையும் தோன்றின. சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்புருக்கு ஆலைகள் பல உள்ளன. அவற்றின் மின்தூண்டல் உலைகள், அதாவது மின்காந்தப் புலத்தால் உலோகத்தினுள்ளேயே வெப்பத்தை எழுப்பி உருக்கும் உலைகள், பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பிகளாக மாற்றுகின்றன.

எனவே ஆவடியில் இழுக்கப்பட்ட குழாய், அம்பத்தூரில் சைக்கிளாகி, பொன்னேரியிலோ ஊத்துக்கோட்டையிலோ இரு தலைமுறைக் காலம் நெல் மூட்டையும் பால் கேனும் சுமந்து, முடிவில் காயலாங்கடை எனப்படும் பழைய இரும்புக் கடை வழியாகக் கும்மிடிப்பூண்டி உலைக்குச் சென்று சேர்வது இவ்வட்டாரத்தில் இயல்பான பயணமாகும். உலைக்கு எல்லா இரும்பும் ஒன்றே; காயலாங்கடைத் தராசுக்கும் அப்படியே. பெடலைத் தாங்கும் ஒரு கிராங்கும் ஒரு பழைய கதவுக் கீலும் அங்கே கிலோ கணக்கில் ஒரே விலை பெறுகின்றன. துலக்கும் தொழிலர் அந்தத் தராசுக்கும் உலைக்கும் முன்னால் நின்று, இரும்பிலிருந்து இரும்பைப் பிரித்தறிபவர் ஆவார்.

உலோகத்தை அறிதல்

சீர்செய்யும் வேலை தேய்ப்பதில் தொடங்குவதில்லை, பார்ப்பதில் தொடங்குகிறது. ஒரே சைக்கிளில் எஃகு, பித்தளை, அலுமினியம் ஆகிய அடி உலோகங்களும், அவற்றின்மேல் நிக்கல், குரோமியம், துத்தநாகம், எனாமல் ஆகிய பூச்சுகளும் கலந்து நிற்கின்றன. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. குரோமியப் பூச்சு வணிக அளவில் பரவியது 1920களின் இறுதியில்தான் என்பதால், அதற்கு முற்பட்ட சைக்கிள்களில் வெளிப்பூச்சு நிக்கலாகவே இருக்கும். நிக்கலின் வெண்மையில் சற்று மஞ்சள் கலந்த இளஞ்சூடு உண்டு. குரோமியத்தின் வெண்மை நீலம் பாய்ந்தது. இரண்டையும் சூரிய ஒளியில் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மஞ்சள் விளக்கொளியில் அது மறைந்துவிடும். ஆகையால் பாகங்களைத் தரம்பிரிக்கும் வேலையைப் பகலில், வாசலில் அமர்ந்து செய்வதே பட்டறை வழக்கம்.

மணியின் கிண்ணமும் முன்தலையில் பதித்த பெயர்த்தகடும் பெரும்பாலும் பித்தளையாக இருக்கும். காந்தம் ஒட்டாமையால் அதை உடனே அறியலாம். காந்தம் ஒட்டியும் பூச்சின்றி மங்கிய சாம்பல் நிறத்தில் தோன்றும் சிறு நட்டுகளிலும் போல்ட்டுகளிலும் கேட்மியம் என்னும் நச்சு உலோகப் பூச்சு இருக்கக்கூடும். அதைத் தேய்த்தால் எழும் தூளும், சூடாக்கினால் எழும் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே ஐயத்துக்குரிய அத்தகைய சிறு பாகங்களை எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இயந்திரத்தில் வைக்கலாகாது. பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதையும் உலர்வாகத் தேய்க்காமல் நீர் விட்டே தேய்ப்பது முறை.

பிரித்தெடுத்தல்

சைக்கிளை முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டும் வேலைக்குச் சைக்கிள் கடைகளில் ஓவராயில் என்று பெயர். பழைய சைக்கிளில் இதன் கடினமான கட்டம் காட்டர் பின்னைக் கழற்றுவதாகும். காட்டர் என்பது கிராங்கை அதன் அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு வடிவ ஆணி. ஒரு பக்கம் சரிவாக அராவப்பட்டு, மறுமுனையில் மரையும் நட்டும் கொண்டது. பல ஆண்டு துருவில் அது கிராங்கோடு ஒன்றிப்போயிருக்கும். பொறுமையின்றிச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். அடியின் வேகம் முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸ் எனப்படும் எஃகுக் குண்டுகளின்மேல் இறங்கி அவை உருளும் கிண்ணத்தில் குழி விழும். எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, கிராங்கின் அடியில் குழாய்த்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து, நட்டை மரையின் நுனிவரை தளர்த்தி வைத்து, ஒரே அழுத்தமான அடியில் தளரச் செய்வது கைப்பழக்கத்தால் வருவது. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுழல்வது என்பதை மறந்து, வலுக்கொண்ட மட்டும் தவறான திசையில் இறுக்கிக் கிராங்கைக் கெடுத்துக்கொள்வது புதியவர் அனைவரும் ஒருமுறையேனும் செய்யும் பிழை.

கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் கழுவும்போது பக்கம் மாறாமல் காக்க வேண்டும். கோன், கப், வாஷர் ஆகியவை தத்தம் இணையோடு தேய்ந்து பொருந்தியவை. இடம் மாற்றிப் பூட்டினால் புதிதாகத் தேயத் தொடங்கும். பால்ஸ்களை மட்டும் துலக்கித் திரும்பப் போடும் வழக்கம் கூடாது. அவற்றில் ஒன்று மற்றொன்றைவிட மிகச் சிறிதளவு பெரிதாக இருந்தாலும் பாரம் முழுவதும் அதன்மேல் விழும் என்பதால், தொகுதி முழுவதையும் ஒருசேர மாற்றுவதே சரி.

துருவும் அதை நீக்கும் வழிகளும்

துரு என்பது இரும்பு, காற்றின் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் கூடி உண்டாக்கும் நீரேறிய ஆக்ஸைடு. அது தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், பூச்சின் அடியில் தோன்றினால் பூச்சைத் தூக்கி உதிர்க்கிறது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதற்கப்பால் வங்கக் கடலும் இருப்பதால், கீழைக்காற்று உப்பின் நுண்துகள்களைச் சுமந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் அதனோடு சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, குரோமியப் பூச்சின் நுண்ணிய வெடிப்புகள் வழியே நுழைந்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்குகிறது. இதனால் கரையோர ஊர்களிலிருந்து வரும் ரிம்களில் புள்ளிப் புள்ளியான ஆழ்ந்த துருவும், கடலிலிருந்து விலகிய திருத்தணிப் பக்கத்திலிருந்து வருபவற்றில் மேலோட்டமான சீரான துருவும் மிகுந்து காணப்படுவதைப் பட்டறையில் தொடர்ந்து கவனிக்க முடிந்தது.

துருநீக்கும் வழிகளை மென்மையானதிலிருந்து வன்மையானதை நோக்கி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். முதல் வழி பலன் தராதபோதே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எண்ணெயும் துணியும் முதற்படி. கரும்பு மொலாசஸ் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்த்த கரைசலில் ஓரிரு வாரம் ஊறவைப்பது இரண்டாம் படி. அதிலுள்ள சேர்மங்கள் துருவின் இரும்பைப் பற்றி இழுத்துக் கரைக்கின்றன. நல்ல இரும்பை ஏறக்குறையத் தொடுவதில்லை. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கொண்ட மாவட்டத்தில் மொலாசஸ் புதிய பொருளன்று. அதன் நாற்றம் ஒன்றே தடை. அலுமினியப் பாகங்களை மட்டும் அதில் இடலாகாது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் மூன்றாம் படி. சில மணி நேரத்தில் துருவைக் கரைத்துவிடும் அது, பின்னால் ஒரு மஞ்சள் படிவை விட்டுச் செல்வதோடு, உட்கொண்டால் நஞ்சாகவும் இருப்பதால் கையுறையும் தனிப் பாத்திரமும் வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் துருவை நீக்குவதோடு எஞ்சியதைக் கருஞ்சாம்பல் நிறப் பாஸ்பேட் படலமாக மாற்றுவதால், பின்னர் வண்ணம் பூசப்போகும் பாகங்களுக்கு ஏற்றது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பொறுத்தவரை அனுபவம் தந்த பாடம் கடுமையானது. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகினுள் ஊடுருவி, கடினப்படுத்திய எஃகை எளிதில் முறியும் தன்மை உடையதாக்குகின்றன. இதை ஹைட்ரஜன் நொய்மை என்பர். இக்கட்டுரையாளர் தொழில் பழகிய காலத்தில் சீட்டின் சுருள்வில் ஒன்றை இரவு முழுவதும் அமிலத்தில் இட்டு, காலையில் வெள்ளிபோல் எடுத்துப் பூட்டிக்கொடுத்தார். சில நாள்களில் அது ஏறி அமர்ந்தவரின் பாரத்தில் முறிந்தது. தோற்றத்தில் குறையொன்றும் இல்லாதிருந்த வில் அது. அன்று முதல் வில், செயின், கோன், அச்சு ஆகிய கடினப்படுத்திய பாகங்கள் எவையும் அந்தப் பட்டறையில் அமிலத்தைத் தொட்டதில்லை. மேலும் அந்த அமிலத்தின் ஆவி, மூடிய அறையில் அருகிலுள்ள மற்றப் பாகங்களின்மேல் படிந்து ஒரே இரவில் புதிய துருவை எழுப்பிவிடும்.

எந்த அமிலத்திலிருந்து எடுத்தாலும் சலவைச் சோடா கரைத்த நீரில் முக்கி, நல்ல நீரில் அலசி, உடனே வெயிலில் சூடேறிய தகரத்தின்மேல் பரப்பி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சற்றுநேரம் விட்டால் கண்முன்னே செம்மை படர்வதைக் காணலாம்.

குரோமும் நிக்கலும்

குரோம் ரிம் என்று வழங்கப்படும் ரிம்மில் குரோமியம் இருப்பது மிகச் சிறிதளவே. அழகுக்கான குரோமியப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பாதியைக்கூடத் தாண்டாது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துருவைத் தடுக்கும் உண்மையான காவல் அதன் அடியிலுள்ள, பல மைக்ரான் தடிமன் கொண்ட நிக்கல் படலமே. குரோமியம் அந்த நிக்கலை மங்காமலும் கீறாமலும் காக்கும் கடினத் தோல். இந்த உண்மையை அறியாதவர் உப்புத்தாளை எடுக்கிறார்; அறிந்தவர் எடுப்பதில்லை.

குரோமியம் மிகக் கடினமானது, அலுமினியம் மென்மையானது. ஆகவே கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து ரிம்மின்மேல் மெதுவாகத் தேய்த்தால், துருவின் புள்ளிகள் அகலுமேயன்றிக் குரோமியம் கீறுவதில்லை. தேய்க்கும்போது கறுத்த சேறு போன்ற பசை உண்டாகும். அதைத் துடைத்தால் அடியில் ஒளி தெரியும். மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயோடு பயன்படுத்துவதும் உண்டு. கம்பியால் இயக்கும் பழைய பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்துபவை என்பதால், அவ்விடத்தில் பூச்சு தேய்ந்து எஃகு வெளிப்பட்டிருக்கும். அந்தத் தேய்மானத்தை எத்தேய்ப்பாலும் மறைக்க முடியாது; மெழுகிட்டுக் காப்பதொன்றே வழி. நிக்கல் பூச்சுள்ள பாகமாயின் தேய்ப்பு இன்னும் மெதுவாக இருக்க வேண்டும். "அவசரப்பட்டா நிக்கல் போயிடும் தம்பி, அப்புறம் வராது" என்று பட்டறையின் மூத்த மேஸ்திரி திரும்பத் திரும்பச் சொன்ன சொல், நிக்கல் பாகம் ஒவ்வொன்றையும் கையிலெடுக்கும்போது நினைவுக்கு வரத்தக்கது.

பஃபிங் என்னும் மெருகுவேலை

பூச்சில்லாத எஃகு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றுக்கே இயந்திர மெருகு உரியது. முதலில் 220, 320, 400, 600 என எண் கூடக்கூட நுண்மை கூடும் எமரித்தாள்களால் படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய கோடுகளுக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கோடு எங்கே எஞ்சியுள்ளது என்பது கண்ணுக்குத் தெரியும். அது முற்றும் மறைந்த பின்னரே அடுத்த தாளை எடுக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிச் சென்றால், முடிவில் கண்ணாடிபோல் ஒளிரும் பரப்பின் அடியில் அந்தக் கோடு நிழலாக நிற்கும்.

பின்னர் பஃப் எனப்படும் துணிச்சக்கரத்தில் மெருகுக்கட்டியைப் பூசி, பாகத்தை அதன்மேல் பிடிக்க வேண்டும். கரடான வேலைக்குக் கத்தாழை நார்ச் சக்கரமும் பழுப்பு நிற ட்ரிபோலிக் கட்டியும், எஃகின் இறுதி மெருகுக்குப் பச்சை நிறக் குரோமியம் ஆக்ஸைடு கட்டியும், பித்தளைக்குச் சிவப்பு நிற ரூஜ் கட்டியும் ஏற்றவை. ரூஜ் என்பது நுண்ணிதாக அரைத்த இரும்பு ஆக்ஸைடே. சைக்கிளைத் தின்னும் துருவின் நெருங்கிய உறவான பொருளே பித்தளை மணிக்கு ஒளியூட்டுகிறது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2,880 முறை சுழலும்போது அதன் விளிம்பு வினாடிக்குச் சுமார் 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் மட்கார்டின் மெல்லிய விளிம்பையோ ஸ்போக்ஸ் கம்பியையோ சக்கரத்துக்கு எதிராகக் காட்டினால், அது கையிலிருந்து பறிக்கப்பட்டு வீசப்படும். பாகத்தை மையத்துக்குச் சற்றுக் கீழே, சக்கரம் விளிம்பை விட்டு வெளியே ஓடுமாறு பிடிப்பதும், தோளில் துண்டு, தொங்கும் லுங்கி முனை, தளர்ந்த கையுறை ஆகியவற்றைத் தவிர்ப்பதும் உயிர்காக்கும் விதிகள். செயினைப் பஃபில் பிடிப்பது எக்காலத்திலும் கூடாது.

முத்திரைகளும் கோடுகளும்

துலக்குபவரின் பொறுப்பு மிகவும் கூர்மையடைவது முத்திரை பதிந்த இடங்களில்தான். பி.எஸ்.ஏ. என்பது 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கித் தொழிலர் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். அதனால்தான் அதன் சின்னம் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளாக அமைந்தது. அச்சின்னம் சிறு பாகங்களின்மேல் மிக மெல்லிய பதிவாகவே இருக்கும். பஃப் சக்கரம் சில வினாடிகள் கூடுதலாக நின்றால் துப்பாக்கிகள் மூன்றும் ஒரு மேடாகிவிடும். எனவே முத்திரையுள்ள இடத்தை நெருங்குமுன்பே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். முத்திரையின்மேல் பழைய பருத்தித் துணி சுற்றிய விரலோ மூங்கில் குச்சியோதான் செல்ல வேண்டும். பள்ளத்தில் தங்கிய கருமையை முற்றும் எடுக்காமல் விடுவதும் முறையே. எழுத்தைப் படிக்கச் செய்வது அந்தக் கருமைதான்.

பித்தளை மணியைப் புளியால் துலக்குவது வீட்டுப் பாத்திரத்துக்குரிய முறையே. புளியின் டார்டாரிக் அமிலம் கறுப்பை நீக்குகிறது. ஆனால் வன்மையான அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் பித்தளையின் துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பின் சிவப்பைப் பெறும். மணிக்கிண்ணத்தின் உட்புறத்தில் வண்ணமோ தடித்த மெழுகோ பூசினால் அதிர்வு அடங்கி நாதம் குன்றும். எனாமலின்மேல் தங்க நிறத்தில் கையால் இழுத்த கோடுகள் இருப்பின், துடைக்கும்போது கோட்டின் போக்கிலேயே, ஈரம் குறைந்த துணியால் துடைக்க வேண்டும். கீறலும் மங்கலுமாக எஞ்சிய அசல் கோடு, புதிதாகப் போட்ட கோட்டைவிட மதிப்புடையது. அதில் தூரிகையை ஏந்திய ஒரு தொழிலாளியின் கையசைவு இன்னும் நிற்கிறது.

மறுபூச்சும் காப்பும்

எல்லாவற்றையும் மீண்டும் குரோம் செய்துவிடலாம் என்ற எண்ணம் எளிதில் எழும். அதற்கு எஞ்சிய அசல் பூச்சையெல்லாம் அமிலத்தில் உரித்து, எஃகை அராவி, செம்பு, நிக்கல், குரோமியம் என மூன்று படலங்களை மீண்டும் ஏற்ற வேண்டும். முத்திரைகள் இதில் பெரும்பாலும் மழுங்கும். குரோமியம் பூசும் தொட்டியில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம்; அது புற்றுநோய் விளைவிப்பது, நிலத்தடி நீரில் கலந்தால் தலைமுறைகளுக்கு நிற்பது. ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவு அங்குள்ள நிலத்தையும் நீரையும் கெடுத்ததைத் தமிழகம் கண்டிருக்கிறது. ஆகவே பாதிக்குமேல் பூச்சு உதிர்ந்து, எஃகு அரிக்கப்பட்டு, பயன்பாட்டுக்கே இடையூறான பாகத்துக்கு மட்டும், கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்கும் ஆலையில் மறுபூச்சுச் செய்வது தகும். அங்கங்கே புள்ளி விழுந்த ரிம்முக்கு அது தகாது. மின்பகுப்பு முறையில் வீட்டிலேயே துருநீக்குவோர், துருப்பிடிக்காத எஃகை நேர்முனையாகப் பயன்படுத்தினால் இதே நச்சுக் குரோமியம் தொட்டியில் பிறக்கும் என்பதை அறிந்து, சாதாரண இரும்புத் தகட்டையே பயன்படுத்த வேண்டும்.

துலக்கிய பாகத்துக்குக் காப்பிடுவது வேலையின் இறுதிக் கட்டம். வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. அது சில நாள்களுக்கு உதவினாலும், செம்மண் புழுதியைப் பிடித்து வைப்பதோடு, கெட்டுப்போன பின் அதன் அமிலங்கள் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். மெல்லிய மெழுகுப் படலம் இதனினும் நன்று. மழைக்காலத்துக்கு முன்பும் பின்புமாக ஆண்டுக்கு இருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். சரஸ்வதி பூஜைக்கும் ஆயுத பூஜைக்கும் சைக்கிளைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் இடும் வழக்கம் புரட்டாசி, ஐப்பசியில் வருவதால், அதே நாளை மெழுகிடும் நாளாகக் கொள்வது இவ்வட்டாரத்துப் பருவநிலைக்கும் பொருந்துகிறது.

இத்தொழிலால் காப்பாற்றப்படும் சைக்கிள்கள், உலைக்குச் செல்பவற்றோடு ஒப்பிட மிகச் சில. எல்லாவற்றையும் காப்பது இயலாது. இரும்பு உருகி மீண்டும் கம்பியாவது பயனுள்ள செயலுமாகும். ஆனால் காயலாங்கடைக் குவியலிலிருந்து ஒரு கிராங்கை எடுத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எழுத்துகள் தெரியுமாயின் அது தராசுக்கு உரியதா, பட்டறைக்கு உரியதா என்பதை அறிந்து முடிவுசெய்ய முடியும். தெரியாவிடில் மனக்குறையின்றி உலைக்கு அனுப்ப முடியும். துலக்காமல் அனுப்பியது எதுவென்று பின்னர் அறிய வழியில்லை.